சந்தனம் வச்ச சுவிட்ச்

அக்டோபர் 4, சனி

கடவுள் இருக்கான்.

மத்தியானம் சாப்பிட உக்காந்த நேரத்துல எங்க கம்பெனி சாலமோன் சார் போன் பண்ணாரு. "இசக்கி, ஒரு சோலி இருக்கு. உனக்குப் பிடிக்காதுன்னா வேற ஆளை அனுப்புதேன். டவுன்ல அன்னக்கொடி ஜவுளி மாளிகை."

எடுத்த உருண்டை கையிலயே நின்னுட்டு. என்னவாம்னு கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு முந்தி நம்ம ஃபயர்வாலைப் புதுசா மாட்டிக் குடுத்தோம்லா. மாட்டுன அன்னிக்கு எல்லாம் ஓடுச்சு. பூஜை முடிஞ்சு விஜயதசமிக்குக் கடை தொறந்தா பில்லிங் கவுண்டர் ஒண்ணும் ஓடல. ஆபீஸ்ல நெட்டு வருது, பில்லிங் மட்டும் செத்துக் கெடக்கு. அந்தப் பால்வண்ணன் ஃபயர்வால் சரியில்லங்கான். பெங்களூர்ல இருக்க ஃபயர்வால்காரன் சுவிட்ச் சரியில்லங்கான். தீபாவளிக் கூட்டம் வேற."

நானே போறேன் சார்னு சொன்னேன். போனை வச்சிட்டு சேமியா பாயாசம் காய்ச்சினேன். சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் சுடலைமுத்து பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு வந்தாரு. ஒரு வாய் குடிச்சிட்டு, "என்னட்டி விசேஷம்?"னு கேட்டாரு.

"ஒருத்தனுக்குக் கருமாதி"ன்னேன். மனுசன் தம்ளரைக் கீழ வச்சிட்டாரு.

இதை எழுதி வைக்கணும், நாளைக்கு என் மனசே எனக்குக் கதை சொல்லிரக் கூடாது. அந்தக் கடையோட கம்ப்யூட்டர் சோலி பூரா நான் பாத்தது. ஒவ்வொரு வயரும் நான் இழுத்தது. பால்வண்ணனை வேலைக்குச் சேத்தப்போ அவனுக்கு நெட்டு வயரெல்லாம் வந்து சேருற சுவிட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன், என் டப்பாவுல இருந்து சோறு குடுத்தேன். போன வருசம் கடை வாடிக்கைக்காரங்க போன் நம்பரு பூரா எதுத்த கடைக்காரன் கைக்குப் போயிட்டு. இசக்கிதான் வித்துட்டான்னு பால்வண்ணன் மொதலாளி அண்ணாச்சிகிட்ட ஓதிட்டான். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல, வேலையை விட்டு நிறுத்திட்டாரு. சாயங்காலம் கேட்ல மீசைக்கார செக்யூரிட்டி என் பையை வாங்கி மேசையில கொட்டுனான். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொறந்து பாத்தான். படிக்கட்டு பூரா சேல்ஸ் பிள்ளைக நின்னு பாத்துச்சு. அண்ணாச்சி மேல கண்ணாடி ரூம்ல நின்னாரு. நான் நிமுந்து பாத்தேன், அவரு திரும்பிக்கிட்டாரு.

கூட்டிப் பெருக்குற செல்லத்தாயக்கா மட்டும்தான் கிட்ட வந்தா. கீழ உருண்ட டப்பா மூடியை எடுத்து முந்தானையில தொடச்சு மூடிக் குடுத்தா.

எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அதே கேட், அதே மேசை, அதே பிள்ளைக. பையி மட்டும் பால்வண்ணன் பையி.

அக்டோபர் 5, ஞாயிறு

போயிட்டு வந்தேன்.

மீசைக்காரன் சல்யூட் அடிச்சான். என் கழுத்துல தொங்குற கம்பெனி அட்டைக்கு அடிச்சான், எனக்கில்ல. உள்ள நுழைஞ்சா திருவிழாக் கூட்டம். பில்லிங் கவுண்டர்ல கம்ப்யூட்டரை எல்லாம் ஓரமாத் தள்ளி வச்சிட்டு, பிள்ளைக கால்குலேட்டரைத் தட்டிக் கையால பில் எழுதுதுங்க. வரிசை மாடிப்படி வரைக்கும் நிக்கி. ஒரு அம்மா பட்டுச் சேலையைத் தூக்கி மேசையில எறிஞ்சிட்டுப் போறா.

சர்வர் ரூம்ல பால்வண்ணன். தாடியும் அவனும். "வாங்கக்கா"ன்னான். அக்காவாம். நான் "வணக்கம் சார்"னேன், மூஞ்சி சுண்டிப் போச்சு. நல்லா இருந்துச்சு.

கதை இதுதான். கடையில ஆபீஸ், பில்லிங், கேமரா மூணும் தனித்தனிக் கூட்டம். ஒண்ணு இன்னொண்ணை எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சுவிட்சுக்குள்ளயே சுவரு கட்டி வச்சிருக்கு. அதுக்குப் பேருதான் வீலான். ஆபீஸுக்குப் பத்தாம் நம்பரு, பில்லிங்குக்கு இருபது, கேமராவுக்கு முப்பது. பில்லிங் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்க சர்வரோட பேசணும்னா ஃபயர்வால் வழியாத்தான் போவணும். அது வாசல்ல நிக்குற செக்யூரிட்டி மாதிரி, பாத்துத்தான் விடும். சுவிட்சுல இருந்து ஃபயர்வாலுக்குப் போற ஒரே வயருலதான் மூணு நம்பரும் போயாகணும். அந்த வயரு சுவிட்சோட கடைசி ஓட்டையில, கடைசி போர்ட்டுல இருக்கணும். மூணு நம்பரையும் விடச் சொல்லி அந்தப் போர்ட்டுக்கு மட்டும்தான் நான் அன்னிக்கே உத்தரவு எழுதி வச்சேன். பக்கத்துப் போர்ட் சாதா, ஆபீஸ் நம்பரை மட்டும்தான் விடும். அதுல அண்ணாச்சி ரூம் கம்ப்யூட்டர் வயரு கெடக்கும்.

பால்வண்ணன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுதான். ஃபயர்வால்ல எல்லாம் சரி, சுவிட்சுல எழுதுன உத்தரவும் சரி. ரெண்டு போர்ட்டுலயும் பச்சை விளக்கு எரியுது. பெங்களூர்க்காரனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி அனுப்பி ஓஞ்சு போயிட்டானாம்.

நான் ஸ்க்ரீனைப் பாக்கல, சுவிட்சை மாட்டியிருக்க ரேக்கைப் பாத்தேன். பூஜைக்குத் தொடச்சு மினுமினுன்னு இருந்துச்சு. சுவிட்ச் நெத்தியில விபூதி மூணு வரி, அதுக்கு மேல தாராளமாச் சந்தனம், குங்குமம். கடைசி ரெண்டு போர்ட் நம்பரும் சந்தனத்துக்குள்ள முங்கிப் போச்சு. நான் ஒவ்வொரு வயருலயும் என் கையெழுத்துல லேபிள் ஒட்டியிருந்தேன், ஒண்ணைக் காணோம். எல்லாம் ஒரே நீல வயரு, எது எங்க போவுதுன்னு பெத்தவளுக்குத்தான் தெரியும்.

பெத்தவ நான்தான். ஃபயர்வால் வயரு முந்தின போர்ட்டுல கெடக்கு. அண்ணாச்சி வயரு கடைசிப் போர்ட்டுல கெடக்கு. பூஜைக்குக் கழத்துனவனுக வயரை மாத்திச் செருகிட்டானுக. ஆபீஸ் போக்குவரத்து ரெண்டுலயும் ஓடும், அதனால ரெண்டும் பச்சை, அண்ணாச்சிக்கும் நெட்டு வருது. கேமரா தன் கூட்டத்துக்குள்ளயே பதிஞ்சுக்கிடும், பில்லிங் மட்டும் முட்டிக்கிட்டு நிக்கி. ரெண்டையும் மாத்திச் செருகினா சோலி தீந்தது. குடுத்த டீ ஆறுறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"என்னக்கா தோணுது?"ன்னான்.

"பாக்கணும். லேசான கேஸு இல்ல"ன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

இட்லிக்கு மாவு ஆட்டினேன். சொல்லல.

அக்டோபர் 8, புதன்

இன்னிக்கும் போனேன். பெங்களூர்க்காரன் போன்ல இங்கிலீஷ்ல பால்வண்ணனைக் காய்ச்சுதான். சுவிட்ச் கம்பெனிக்காரன் இன்னொரு போன்ல ஃபயர்வாலைத் திட்டுதான். நடுவுல இவன் ரெண்டு காதுலயும் ரெண்டு போன். நான் ஸ்டூல்ல உக்காந்து முறுக்கு தின்னேன். என் லேபிளை உரிச்சவன்தானே, உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்.

செல்லத்தாயக்கா டீ கொண்டு வந்தா. என்னைப் பாத்ததும் தட்டைக் கீழ வச்சா. "யம்மா இசக்கி, மெலிஞ்சு போயிட்டியே தாயி"ன்னு கன்னத்தைத் தடவுனா. அந்தக் கையில பினாயில் வாடை. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, முறுக்கு காரம்னு சொன்னேன்.

பூஜை அன்னிக்கு ரேக்கை யாருக்கா தொடச்சாங்கன்னு கேட்டேன்.

"நான்தான் தொடச்சேன். பால்வண்ணன் வயரைக் கழத்திக் குடுத்தான்."

"திரும்ப மாட்டுனது?"

"நல்ல நேரம் முடியப் போவுதுன்னு ஒரே பறப்பு. சந்தனம் வச்சு, சூடம் காட்டி..." அக்கா பேச்சை நிறுத்திட்டு வாசலைப் பாத்தா. "எனக்கு என்னத்துக்கு அந்தக் கதை. நீ டீயைக் குடி."

கீழ இறங்குறப்போ ஒரு பில்லிங் பிள்ளை கழிப்பறை வாசல்ல நின்னு அழுதுச்சு. கூட்டல் தப்பிட்டாம், சூப்பர்வைசர் கிழிச்சுட்டாராம். புதுப் பிள்ளை, நான் வேலை பாத்தப்போ இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அக்டோபர் 9, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்துச்சு. எண்ணெய்க்காரன் வரல. தீபாவளிக்கு அதிரசம் சுடணும்.

இவரு கேட்டாரு: "அந்தக் கடைச் சோலி இன்னும் முடியலியா? நீ ஒரு வீட்டைப் பாத்தாலே எந்தச் செங்கல் ஆடுதுன்னு சொல்லுவியே."

"சில செங்கல்லு தானா விழணும்"னேன்.

"விழும்போது கீழ யாரு நிக்கான்னு பாத்துக்கோட்டி"ன்னுட்டு டூட்டிக்குப் போயிட்டாரு. பஸ் ஓட்டுறவரு, எல்லாத்துலயும் அவருக்கு ஆளு குறுக்க வரும்.

அக்டோபர் 10, வெள்ளி

பால்வண்ணன் விழுந்துட்டான். மாடிப்படிக்கு அடியில, பொம்மைகளைக் கழத்திப் போட்டுருக்க எடத்துல, என்னை நிறுத்தி அழுதான்.

"அக்கா, அண்ணாச்சி தீபாவளிக்குள்ள சரியாவலன்னா பையை எடுத்துட்டுக் கெளம்புன்னுட்டாரு. நீங்க பாத்தா ஆவும்னு எனக்குத் தெரியும். என் மேல கோவம் இருக்கும்..."

"கோவமா? எனக்கு என்னப்பா கோவம்? பையைத் தொறந்து பாத்தது ஒரு மரியாதைதானே."

"நான் உங்களைச் சொல்லலக்கா. என் பிள்ளை மேல சத்தியம். அண்ணாச்சிதான் கேட்டாரு, 'எலேய், இசக்கியா இருக்குமோ?'ன்னு. எனக்கு ஒண்ணும் தெரியாது. இல்லன்னு சொன்னா அப்போ நீயான்னு கேப்பாரேன்னு பயம். 'இருக்கலாம் அண்ணாச்சி'ன்னேன். அவ்வளவுதான்க்கா சொன்னேன்."

அவ்வளவுதானாம். ஒரு இருக்கலாம்.

இத்தனை நாளு இவன் உக்காந்து கதை கட்டி, ஆதாரம் ஜோடிச்சு என்னை விழத் தட்டுனான்னு நெனச்சேன். அப்படி இருந்திருந்தாலாவது ஒரு மரியாதை. என் மேல சேறு பூச ஒரு முழு வாக்கியம்கூடத் தேவைப்படல. பேதியில போவான். இவனை முன்ன விட இப்போ ரெண்டு மடங்கு வெறுக்கேன்.

லேபிளை ஏம்ல உரிச்சன்னு கேட்டேன்.

"அண்ணாச்சிதான். அவ கையெழுத்து என் கண்ணுல படக் கூடாதுன்னு..."

இதை எழுதும்போது பேனா கிழிக்கி. நாளைக்கு வேற பேனா எடுக்கணும்.

திட்டம் தயார். திங்கக்கிழமை காலையில கடை தொறக்க முந்தி எல்லாரும் வரிசையில நின்னு பிரேயர் பண்ணுவாங்க, அண்ணாச்சியும் வருவாரு. அங்க வச்சு, அத்தனை பேரு முன்னால சொல்லுவேன். ஒரு வயரை மாத்திச் செருகுன மடையன் இவன்தான்னு. பொறவு அவனோட பையி.

அக்டோபர் 12, ஞாயிறு

கூட்டம்னா கூட்டம், எள்ளு போட்டா எண்ணெய் எடுக்கலாம்.

அண்ணாச்சி என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. அந்தக் கண்ணாடி ரூம்ல இருந்து பாத்தா கேட் நல்லாத் தெரியும். நான் நின்னேன், அவரு உக்காரச் சொல்லல. முன்ன எல்லாம் "எம்மா இசக்கி, உக்காரு, சாப்பிட்டியா?"ன்னுதான் ஆரம்பிப்பாரு. என் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுத்துக் குடுத்தவரு. அதை நான் இன்னும் உடுத்தல... சரி, அது எதுக்கு இப்போ.

"என்னம்மா, உங்க கம்பெனிக்காரவுக ஒரு வாரமாப் பாக்குதீய. என்ன கோளாறு?"

உங்க கம்பெனிக்காரவுக. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுதாரு. யாரோ ரோட்டுல போறவகிட்டப் பேசுற மாதிரி.

"பூஜைக்கு வயரைக் கழத்தி மாட்டுனதுல ஏதோ நடந்துருக்கு அண்ணாச்சி. நாளைக்குச் சொல்லிருவேன்."

"பூஜைக்கா?" மொகம் மாறுச்சு. மேசையில விரலால தாளம் தட்டுனாரு. "ரேக்கை அந்தச் செல்லத்தாயில்லா தொடச்சா. படிக்காத பொம்பள. அவளா இருக்குமோ?"

இல்லன்னு சொல்லியிருக்கணும். தொடச்சவளுக்கும் செருகுனவனுக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு வரி போதும். சொன்னா, அப்போ யாருன்னு கேப்பாரு. பால்வண்ணன் பேரை இந்த ரூம்ல, ஏசிக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு மெதுவாச் சொல்ல வேண்டி வரும். நான் கேட்ட எடம் இதில்ல. எனக்குக் கேட் வேணும், பிள்ளைக வேணும், படிக்கட்டு வேணும்.

"இருக்கலாம்"னேன்.

ஒரு நாளுதானே. நாளைக்குக் காலையில எல்லாம் வெளிச்சமாயிரும். அதுக்குள்ள என்ன ஆவப் போவுது?

பச்சரிசி ஊறப் போட்டுருக்கேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில தண்ணி மோட்டார் இழுக்கல. ஏறி எறங்கி, பிளம்பரைக் கூப்பிட்டு, அவன் வந்து வாஷர் போச்சு, அது போச்சுன்னு சொல்லி முடிக்க நேரமாயிட்டு. ஓடிப் போய் பஸ் ஏறுனேன். பிரேயர் முடிஞ்சிருக்கும், எல்லாத்தையும் மத்தியானத்துக்கு மாத்திக்கணும்னு கணக்குப் போட்டுக்கிட்டே போனேன்.

கேட்ல கூட்டம். படிக்கட்டு பூராப் பிள்ளைக. மேசை பக்கத்துல அண்ணாச்சி, பால்வண்ணன், மீசைக்காரன்.

மேசையில ஒரு மஞ்சப் பை கவுந்து கெடந்துச்சு. ஒரு சீப்பு, வெத்தலைப் பொட்டலம், பேரன் போட்டோ, வாழை இலையில சுத்துன இட்லி. மீசைக்காரன் அந்த இட்லியைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். செல்லத்தாயக்கா ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நின்னா. அழல. தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா.

நான் கத்துனது எனக்கே கேக்கல. "தொடாதல அதை!" மீசைக்காரன் கைய எடுத்தான்.

"அண்ணாச்சி, இவுக என்ன பண்ணாவ? வயரை மாத்திச் செருகுனதுதான் கோளாறு. ஃபயர்வால் வயரும் உங்க ரூம் வயரும் எடம் மாறிக் கெடக்கு. அதை மாட்டுனது இவுக இல்ல, இந்தா நிக்கானே, இவன்தான்!"

பால்வண்ணன் ஒரு தடவை அண்ணாச்சியைப் பாத்தான், ஒரு தடவை என்னைப் பாத்தான்.

"நான் மாட்டலக்கா. நான் மாட்டப் போனேன். நல்ல நேரம் முடியப் போவுது, மொதலாளி கையால மாட்டுனாத்தான் ராசின்னு சொல்லி... அண்ணாச்சிதான் அந்த ரெண்டு வயரையும் வாங்கி மாட்டுனாவ. தீபாவளி முடியுற வரைக்கும் இதை எவனும் கழத்தக் கூடாதுன்னும் சொல்லிட்டாவ. எனக்குச் சந்தேகம் இருந்துச்சுக்கா. யாருகிட்ட சொல்ல?"

சூடம் காட்டுன அன்னிக்கு அந்த ரூம்ல நின்ன அத்தனை பேரும் தரையைப் பாத்தாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. மாமியா ஒடச்சா மண்கொடம், மருமக ஒடச்சா பொன்கொடம். மருமகளுக்கும் கீழ ஒருத்தி கெடைச்சா தூக்கி அவ தலையில போட்டுறலாம்.

இத்தனை நாளு எவன் பேரை மென்னு தின்னேனோ அவன் வெறும் எடுபிடி. நான் தேடுன ஆளு கண்ணாடி ரூம்லயே இருந்திருக்காரு. "அப்போ நீங்களா அண்ணாச்சி? நீங்க மாட்டுன வயருக்கு இந்தப் பாவப்பட்ட மனுசியோட இட்லியைப் பிரிச்சுப் பாக்குதீய?"

அண்ணாச்சி மொகம் கறுத்துப் போச்சு. மெதுவாத்தான் பேசுனாரு, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

"நான் எப்படித் தெரிஞ்சு செய்வேன்? நேத்துச் செல்லத்தாயா இருக்குமோன்னு உன்கிட்டத்தான் கேட்டேன். இருக்கலாம்னு நீதானே சொன்ன?"

செல்லத்தாயக்கா அப்போதான் நிமுந்தா.

பால்வண்ணனும் என்னைப் பாத்தான். அவன் பார்வையில ஒண்ணுமில்ல, கேலிகூட இல்ல. அந்த வார்த்தை அவனுக்குத் தெரிஞ்ச வார்த்தை.

"வாங்க அண்ணாச்சி"ன்னு மட்டும் சொல்லிட்டு மாடி ஏறினேன். அவரும் பால்வண்ணனும் பின்னால வந்தாங்க. ரேக் முன்னால நின்னு, "நீங்க மாட்டுனதை நீங்களே கழத்துங்க. இது அங்க, அது இங்க"ன்னேன். அவரு கழத்துனாரு. சந்தனம் நகத்துல ஒட்டுச்சு. கடைசி போர்ட்டுல வயரு டிக்குன்னு உக்காந்துச்சு. கொஞ்ச நேரத்துல கீழ இருந்து பில் மெஷின்க கிர்ர் கிர்ர்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு சத்தம் போட்டுச்சு. பிள்ளைக கைதட்டுறது கேட்டுச்சு.

"இதை எப்போ கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டாரு.

"வந்த அன்னிக்கே."

"வந்த அன்னிக்கேவா? பொறவு ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணாச்சி. நீ செஞ்சியா இசக்கின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பையைத் தொறக்கச் சொல்லியிருக்கலாம்லா. என்னைக்காவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

சொல்லி முடிச்சப்பொறவுதான் எனக்கே தெரிஞ்சுச்சு, நான் அழுதுக்கிட்டு இருக்கேன்னு.

கீழ வந்தேன், எனக்கு முந்தியே பால்வண்ணன் இறங்கியிருந்தான். செல்லத்தாயக்கா மேசையில கெடந்ததை ஒவ்வொண்ணா எடுத்து மஞ்சப் பையில போட்டுக்கிட்டு இருந்தா. இட்லிப் பொட்டலம் பிரிஞ்சே கெடந்துச்சு. நான் போய் இலையை மடிக்கக் கைய நீட்டுனேன்.

அக்கா பொட்டலத்தைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டா. "விடும்மா. நானே மூடிக்கிடுதேன்"ன்னா.

பைக்குள்ள வச்சு முடிச்சுப் போட்டுட்டுக் கேட்டா: "மொத நாளே தெரியுமாமே?"

அக்டோபர் 14, செவ்வாய்

அரிசி புளிச்சுப் போச்சு. கொட்டிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

சாலமோன் சார் கூப்பிட்டாரு. "தெரிஞ்சுக்கிட்டே ஒரு வாரம் சொல்லாம இருந்தியாமே? நாளைக்கு எந்தக் கடைக்காரன் நம்மளை நம்பி உள்ள விடுவான்?" தீபாவளி முடியட்டும், பேசுவோம்னாரு. பேசுவோம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

மத்தியானம் பால்வண்ணன் போன். "அக்கா, இன்னிக்குப் பிரேயர்ல அண்ணாச்சி எல்லாரு முன்னாலயும் சொன்னாவ. இசக்கி மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் விசாரிக்காமச் செஞ்சிட்டேன்னு. பிள்ளைக எல்லாம் கேட்டுச்சு. மீசைக்காரரும் நின்னாரு."

"செல்லத்தாயக்காவைப் பத்தி?"

"அவுக வேலைக்கு வாராவ. அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

போனை வச்சிட்டேன். இவரு சாயங்காலம் வந்து விசயம் கேட்டுட்டு, "நெனச்சது நடந்துட்டுலாட்டி. பாயாசம் வைக்கலியா?"ன்னாரு.

சேமியா இல்லன்னு சொன்னேன். டப்பா நெறைய இருந்துச்சு.

அக்டோபர் 18, சனி

கடைசித் தடவை போனேன். லேபிள் ஒட்டுற சோலி பாக்கி இருந்துச்சு, அதை வேற எவன் கையிலயும் விடுறதா இல்ல. உரிச்சா கூடவே வயரு தோலும் வர்ற மாதிரி நல்ல லேபிளா வாங்கிட்டுப் போனேன். ஒவ்வொரு வயருலயும் பெருசா, என் கையெழுத்துல எழுதி ஒட்டுனேன். சந்தனத்தை ஈரத்துணி வச்சுத் தொடச்சு, நம்பரு தெரிய வச்சேன். ஃபயர்வால் வயருல மட்டும் ரெண்டு லேபிள். ஒண்ணுல "கடைசி போர்ட்". இன்னொண்ணுல "அண்ணாச்சி கை படக் கூடாது".

அவரே வந்து குனிஞ்சு வாசிச்சாரு. வாய் விட்டு வாசிச்சாரு. அடுத்த வருசம் சூடம் காட்டும்போதும் வாசிப்பாரு. அதுக்கடுத்த வருசமும் வாசிப்பாரு. சந்தோசமா இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பால்வண்ணன் சிரிப்பை அடக்கிக்கிட்டுச் செவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். "உக்காரு இசக்கி"ன்னு அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டாரு. உக்காந்தேன்.

செல்லத்தாயக்கா டீத்தட்டோட வந்தா. அண்ணாச்சிக்கு ஒண்ணு குடுத்தா, பால்வண்ணனுக்கு ஒண்ணு, ஏசி பாக்க வந்த எலக்ட்ரீசியனுக்கு ஒண்ணு. நான் கைய நீட்டுனேன்.

தட்டுல இன்னும் ஒரு தம்ளர் இருந்துச்சு. அதை அப்படியே திருப்பி எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டா.